நெல் வயலில் ஊசித்தட்டான்: அருகிருந்து படம் எடுக்கும் முறை

ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகளுக்கு இடையே இன்றும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. வரப்போரம் ஊசிபோல் மெலிந்த உடலுடன் தாழப் பறக்கும் பூச்சியை உழவர்கள் கண்டிருப்பர். இதுவே ஊசித்தட்டான். தூர்களுக்கிடையே புகுந்து புகையான், பச்சைத் தத்துப்பூச்சி ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். பறப்பதெல்லாம் பகை என்று மருந்தடித்தால் இந்த நண்பனும் மடியும். கைப்பேசியில் எடுக்கும் தெளிவான படம் இத்தவற்றைத் தவிர்க்க உதவும்.

அடையாளம்

தட்டான் இறக்கைகளை விரித்து அமரும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து வைக்கும். கண்கள் தலையின் இருபுறமும் விலகி நிற்கும். மஞ்சள் வயிறு கொண்ட ஓர் இனத்திற்கு நம் சோழமண்டலக் கரையின் பெயரே உண்டு. செரியாக்ரியான் கோரமண்டலியானம் என்ற அவ்வினத்தை 1798-இல் விவரித்தவர் டென்மார்க் அறிஞர் ஃபேப்ரீசியஸ்.

படம் எடுக்கும் முறை

1. வெயில் ஏறுமுன் செல்லவும். உடல் சூடேறாத நிலையில் பூச்சி எளிதில் பறக்காது.

2. உங்கள் நிழல் அதன்மேல் விழாதவாறு குனிந்து மெல்ல நெருங்கவும். பறந்தால் துரத்த வேண்டாம். பெரும்பாலும் அருகிலேயே அமரும்.

3. கைப்பேசியை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, காட்சியை இரு மடங்கு பெரிதாக்கி, திரையில் பூச்சியின் கண்ணைத் தொடவும். மிகவும் நெருங்கினால் படம் மங்கும்.

4. அருகில் எடுக்கும்போது சிறிதளவு ஆழமே தெளிவாகப் பதியும். ஆகவே கைப்பேசியைப் பூச்சியின் உடலுக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடிக்கவும். தலை முதல் நுனி வரை தெளிவாக விழும்.

5. முழங்கையை முழங்காலில் ஊன்றி, காற்று அடங்கியதும் எடுக்கவும். மேலிருந்தும் ஒரு படம் தேவை. மார்பின் கோடுகளும் வயிற்றின் நுனியும் இனத்தை அறிய உதவும்.

மருந்தடிக்குமுன்

ஊசித்தட்டான் இருப்பதாலேயே புகையான் அடங்கிவிடும் என்று இருந்துவிடலாகாது. தூர்களை விலக்கி, அடிப்பகுதியையும் படம் எடுத்துப் பூச்சிகளை எண்ணவும். தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்தடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தவிர்க்கவும்; அவை புகையானை மீண்டும் பெருகச் செய்யும். ஐயம் இருப்பின் படங்களை வேளாண்மை அலுவலரிடம் காட்டிய பின்னரே தெளிப்பானை எடுக்கவும்.

ஊசித்தட்டானின் இளம்பருவம் நீரில்தான் வளர்கிறது. ஏரியும் வாய்க்காலும் தூர்ந்தால் இந்த நண்பனும் நமக்கு இல்லை.