எல்லோரும் மதராசியா?

மும்பையில் குடியேறிய தமிழருள் ‘மதராசி’ என்னும் சொல்லைக் கேளாதவர் அரியர். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் ஆகிய நால்வருக்கும் இவ்வூரார் பலர் இட்ட பெயர் அது ஒன்றே. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. 1969-இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. அப்பெயர் மட்டும் மாறவில்லை. 1966-இல் சிவசேனை தோன்றிய காலத்தில், குமாஸ்தா வேலைகளைத் தென்னாட்டார் பறிக்கின்றனர் என்று கிளர்ச்சி எழுந்தது. ‘லுங்கிவாலா’ என்ற ஏளனத்தை நம் பெரியோர் கேட்டு வாழ்ந்தனர்.

இத்தகைய எண்ணங்களுக்கு 1922-இல் ‘ஸ்டீரியோடைப்’ என்று பெயரிட்டவர் வால்டர் லிப்மன் என்னும் அமெரிக்க எழுத்தாளர். அது அச்சுக்கூடத்துச் சொல். கோத்த எழுத்துகளை ஈயக் கலவையில் ஒரே தகடாக வார்த்துவிட்டால், அதே பக்கத்தை மீண்டும் மீண்டும் அச்சிடலாம்; எழுத்தைக் கழற்றித் திருத்த இயலாது. மனத்தில் வார்த்த தகடும் அவ்வாறே. அதற்கு இசைந்த ஒருவரைக் கண்டால், ‘நாம் சொன்னது சரிதானே’ என்கிறோம். இசையாதவரைக் கண்டால், ‘இவர் ஒருவர் விலக்கு’ என்று ஒதுக்குகிறோம்.

2008-இல் இந்நகரில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்பட்டனர். வேலையைப் பறிப்போர் என்று நம்மீது சுமத்திய அதே பழியே அவர்கள்மீதும் விழுந்தது. அவ்வேதனையை அறிந்த நாம் எவ்வாறு நடக்கிறோம்?

சென்ற ஆண்டு எங்கள் ரயில்வே குடியிருப்பில் எதிர்வீட்டுக்குப் பீகாரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இரண்டு வாரம் கழித்து எங்கள் பித்தளைக் குடத்தைக் காணவில்லை. ‘பய்யா ஜனங்கள் வந்தபின்தானே இப்படி!’ என்று கூடத்தில் அமர்ந்து பேசினோம். அதைக் கேட்டிருந்த எங்கள் ஏழு வயது மகள், மாடிப்படியில் எதிர்வீட்டுப் பையனை நிறுத்தி, “எங்கள் குடத்தைக் கொடு” என்றாள்.

மறுநாள் குடம் கிடைத்தது. சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நாங்களே கொடுத்தனுப்பி மறந்த குடம் அது! அன்று மாலையே எதிர்வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டோம். வீட்டுக்காரர் உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். பையன் மட்டும் எங்கள் முன் வரவில்லை. அவன் எங்கள் மகளோடு மீண்டும் விளையாட ஒரு மாதம் ஆயிற்று.

அன்பர்களே, பிறர் நம்மை ‘மதராசி’ என்றால் வருந்துகிறோம். நம் கூடத்தில் பிறரைப் பற்றி என்ன பேசுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். அண்டை வீட்டாரின் ஊரைக் கேட்பதோடு நில்லாமல், அவர் பெயரையும் கேட்டுப் பழகுவோம். குழந்தைகள் அதைப் பார்த்துக் கற்கட்டும்.