ஒன்றரை மீட்டரில் ஓர் ஆவர்த்தனம்

சென்னையின் பாடி சந்திப்பில் நின்று ஒருவர் குரலெடுத்துப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரல் 8 வினாடி கழித்து எதிரொலியாகத் திரும்ப வேண்டுமானால், 1.3 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு பெரிய சுவர் வேண்டும். இரண்டு டேப் ரெக்கார்டர் இருந்தால், அதே வேலை ஓர் அறைக்குள் முடிந்துவிடும்.

1963-இல் பாரிஸில் ஒரு நாடகத்துக்கு இசையமைக்கப் போன அமெரிக்கர் டெர்ரி ரைலி, அங்கிருந்த ஒலிப்பொறியாளரின் உதவியோடு இதைச் செய்தார். ஜாஸ் கலைஞர் செட் பேக்கரின் டிரம்பெட் இசைதான் மூலப்பொருள். முதல் கருவியில் பதிவான நாடா அப்படியே நீண்டுபோய் இரண்டாம் கருவியில் ஒலிக்கும். ஒலித்ததை மறுபடி முதல் கருவிக்கு அனுப்பினால், பழைய சுரத்தின் மேல் புதிய சுரம் படியும். திரும்பும் ஒலியைக் கொஞ்சம் குறைத்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் கல்யாண மண்டப மைக் போலக் கூவத் தொடங்கிவிடும்.

நாடா வினாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடுகிறது, கருவிகளுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இருக்கிறது என்றால் தாமதம் ஏறக்குறைய 8 வினாடி. அட்சரத்துக்கு ஒரு வினாடி வைத்து ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், ஓர் ஆவர்த்தனம்! நம் பாட்டு வாத்தியார்கள் கையில் போடும் சுற்று, அங்கே தரையில் நாடாவாகக் கிடந்தது. ரைலி 1970-இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

இந்தியாவிலும் நாடாச் சோதனைகள் நடந்தன. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு ஓர் ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் முதலானோர் அங்கே உருவாக்கிய ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் அலமாரியில் தூங்கின. கலைஞர் பால் பர்கஸ் தேடியெடுக்க, 2023-இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. நம் இசை வரலாற்றில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

ரைலியின் நாடாச் சுற்றைக் காலடியிலேயே செய்துவிடும் இன்றைய லூப் பெடலில் நாடா இல்லை. ஒலியை, உதாரணமாக, வினாடிக்கு 48,000 எண்களாக நறுக்கி நினைவகத்தில் வைக்கிறது. 8 வினாடிக்கு 3,84,000 எண்கள். காலால் ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுமுறை அழுத்தினால் சுற்று மூடும். அந்த இரண்டாவது அழுத்தம் சரியாகச் சமத்தில் விழ வேண்டும். இம்மி பிசகினாலும், அந்தப் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வரும்.

தாளக்கட்டு உள்ளவர்களுக்கு இது பாதி தெரிந்த வித்தை. கைப்பேசியிலேயே லூப் செயலிகள் கிடைக்கின்றன. வீட்டில் மிருதங்கமோ வீணையோ பழகும் பிள்ளைகள் இருந்தால் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். முதலில் வெறும் தாளத்தட்டை மட்டும் பதிவு செய்யட்டும், பாட்டு அப்புறம்.