நான்கு டஜன் எண்பத்தைந்தான விதம்

வேலூர் லாங் பஜாரில் சிறிய செருப்புக்கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கு வாரத்திற்கு 4 டஜன் செருப்புகள் விற்கின்றன. கடைக்காரர் விவரமானவர். இரண்டு வார விற்பனைக்குப் போதுமான சரக்கை, அதாவது 8 டஜனை, எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பார். அவருக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரி, அந்த வியாபாரிக்கு அனுப்பும் ஆம்பூர்த் தொழிற்சாலை, தொழிற்சாலைக்குத் தோல் கொடுக்கும் இராணிப்பேட்டை டேனரி ஆகிய எல்லோருக்கும் இதே வழக்கம்தான்.

ஒரு வாரம் 4 டஜனுக்குப் பதில் 5 டஜன் விற்றுவிடுகிறது. இனி 10 டஜன் கையிருப்பு வேண்டும் எனக் கடைக்காரர் கருதுகிறார். விற்ற 5, கூடுதல் கையிருப்புக்கு 2; ஆக 7 டஜன் கேட்கிறார். மொத்த வியாபாரியின் கண்ணுக்கு விற்பனை 4-லிருந்து 7 ஆகிவிட்டது! அவருக்கு 14 டஜன் கையிருப்பு வேண்டும். ஆகவே 7-உடன் 6 சேர்த்து 13 கேட்கிறார். இதே கணக்கில் தொழிற்சாலை 31 டஜனுக்கான தோலைக் கேட்கும். டேனரியோ சென்னைப் பெரியமேட்டு மண்டியில் 85 டஜனுக்கான பச்சைத்தோலைக் கேட்கும். தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம்.

அடுத்த வாரமும் கடையில் 5 டஜன்தான் விற்கிறது. கடைக்காரர் 5 கேட்கிறார். போன வாரம் 7 கேட்டவர் இப்போது 5 கேட்கிறாரே என்று மொத்த வியாபாரி கையிருப்பைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு டஜன் கேட்கிறார். தொழிற்சாலை டேனரியிடம் ஒன்றுமே கேட்பதில்லை. முந்தைய வாரம் கூடுதல் நேரம் வேலை பார்த்தவர்களிடம் இந்த வாரம் வேலையில்லை என்று சொல்ல வேண்டியதுதான். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

நடைமுறையில் வியாபாரிகள் இவ்வளவு அவசரப்படுவதில்லை. பல வாரச் சராசரியைப் பார்ப்பார்கள். ஆகவே எண்கள் சிறியனவாக இருக்கும். ஆனால் போக்கு இதுவே. மாட்டுச் சாட்டையின் பிடியைச் சற்றே அசைத்தால் நுனி எவ்வளவு வீசுகிறது! இதற்குச் 'சாட்டை விளைவு' என்றே பெயர்.

இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருகிய சில நொடிகளுக்குப் பின்பே சூடு வருகிறது. அதற்குள் பொறுமையிழந்து மேலும் திருகினால் மேல் சுட்டுவிடும். பதறி மூடினால் உடல் நடுங்கும். காலந்தாழ்ந்து வரும் பின்னூட்டம் அலைவைப் பிறப்பிக்கிறது. இந்த உண்மையைத் தொழில்துறைக்குக் கொண்டுசென்ற ஜே ஃபாரெஸ்டர் ஒரு மின்பொறியாளர் என்பதில் வியப்பில்லை. கணிப்பொறிகளுக்கான காந்த உள்ளக நினைவகத்தை உருவாக்கியவர் அவர். 1956-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மேலாண்மைப் பள்ளிக்கு வந்தார்.

அவருடைய குழு வடிவமைத்த விளையாட்டு ஒன்றைத் தொழில் தலைவர்களின் பயிற்சியில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பீர் விற்பனையை வைத்து அமைந்தது அது. நாம் செருப்பு என்றே கொள்வோம். நால்வர் வரிசையாக அமர்ந்து, பேசாமல், துண்டுச்சீட்டில் மட்டும் ஆர்டர் அனுப்ப வேண்டும். சரக்கு வந்துசேரச் சில வாரங்கள் ஆகும். ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆடிய குழுக்களுக்கு ஆன சராசரிச் செலவு, மிகக் குறைவாக ஆகக்கூடிய செலவைப் போல் சுமார் பத்து மடங்கு! ஏற்கெனவே கேட்டு, இன்னும் வழியில் இருக்கும் சரக்கை அவர்கள் கணக்கில் சேர்க்கத் தவறியதே முக்கியக் காரணம். வாடிக்கையாளர்தான் ஏறியும் இறங்கியும் வாங்கினார் என்று பலர் அடித்துச் சொன்னார்களாம்.

உண்மை உலகிலும் இதே கதைதான். 2020-இல் பெருந்தொற்று வந்ததும் கார் நிறுவனங்கள் மின்னணுச் சில்லுகளுக்கான ஆர்டர்களைக் குறைத்தன. சில்லு ஆலைகள் கணினிகளுக்கும் பிற கருவிகளுக்கும் திரும்பிவிட்டன. கார்களுக்குத் தேவை மீண்டபோது சில்லு கிடைக்கவில்லை. 2021-இல் பல கார் ஆலைகள் நின்றன.

தோலில் இன்னொரு சிக்கல் உண்டு; அது காத்திருக்காது. உப்பிட்ட பச்சைத்தோல் ஓரளவுக்குத்தான் தாங்கும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய தோலை உரிய நேரத்தில் எடுக்காவிட்டால் அதன் தரம் கெடும். குரோமியம் ஏற்றிய 'வெட் புளூ' நிலையிலோ, பூஞ்சை பிடிக்காமல் காத்தால், மாதக்கணக்கில் வைக்கலாம். ஆகவே தடை வரும் என்று தெரிந்தால் சரக்கை எந்த நிலையில் நிறுத்துவது என்பது இங்கே கற்கவேண்டிய பாடம். 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு போல, முன்னறிவிப்புக்கு நேரமே இல்லாத தடைகளும் உண்டு என்பது வேறு விஷயம்.

அந்தப் பூஞ்சையைத் தடுக்க ஒருகாலத்தில் பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினார்கள். 1989 டிசம்பரில் ஜெர்மனி அதற்குத் தடை விதித்தது. ஒரு கிலோவில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தப் பொருளை அங்கே விற்க முடியாது. நம் ஏற்றுமதியாளர்கள் திகைத்தார்கள். காலணி செய்தவர் தம் கையால் அதைச் சேர்க்கவில்லையே! அது டேனரியிலேயே தோலில் ஏறிவிட்டிருந்தது. எனவே தனி ஒருவரால் தீர்க்கக்கூடியதாக அது இல்லை. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்றுப் பொருள்களுக்கு வழிகாட்டியது, சோதனை வசதி அளித்தது. நாட்டிலும் அவ்வேதிப்பொருள் தடைசெய்யப்பட்டது. பின்னாளில் சிலவகை அசோ சாயங்களுக்கு ஜெர்மனி தடை விதித்தபோது இந்த அனுபவம் கைகொடுத்தது. இத்தகைய தடையை விளையாட்டுப் பலகையில் காட்டுவது கடினம். பயிற்சி அளிப்பவர்கள் எண்களோடு நின்றுவிடுவது குறைதான் என்பது என் கருத்து.

நீங்களும் ஆடிப் பார்க்கலாம். நான்கு நண்பர்கள், ஒரு படி புளியங்கொட்டை, துண்டுத்தாள்கள் போதும். கடைக்காரர், மொத்த வியாபாரி, தொழிற்சாலை, டேனரி என அமர்ந்து, ஒவ்வொருவரும் 12 கொட்டைகளோடு தொடங்குங்கள். ஆர்டர் போக ஒரு வாரம், சரக்கு வர இரண்டு வாரம். முதல் நான்கு வாரமும் வாடிக்கையாளர் 4 கேட்கட்டும். ஐந்தாம் வாரம் முதல் 8. அதன்பின் மாற்றவே வேண்டாம். இதைக் கடைக்காரரிடம் மட்டும் காட்டுங்கள். என் வகுப்பில் ஆடியபோது டேனரிப் பக்கம் அமர்ந்த மாணவர் பதினைந்தாம் வாரத்தில் எழுந்து, "சார், கடைக்காரன் ஏமாத்துறான்!" என்றார்.