காவல் இருக்கிறது, புழு இல்லை

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை நீளும் சென்னைப் புறநகரில், பறவைக்கூடு பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. துணி காயப்போடும் கம்பியிலும் மாடிப்படியோரம் தொங்கும் கேபிள் ஒயரிலும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. நார், சிலந்தி நூல், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் பெண்பறவை கட்டும் அந்தக் கூட்டின் வாசலுக்கு மேலே சிறு கூரையும் உண்டு. தெரியாதவர் கண்ணுக்கு அது ஒட்டடை. தையல்சிட்டு அகன்ற இலையை மடித்துத் தைத்து உள்ளே பஞ்சு வைக்கிறது. கொண்டைக்குருவி போர்ட்டிகோ கொடிக்குள்ளும், குண்டுக்கரிச்சான் சுவர்ப் பொந்திலும் குடியேறுகின்றன. குருவி கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது என்று மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அந்த முட்டை பறக்கும் குஞ்சாக மாறுவதற்குத் தேவையானது நம் வீட்டைச் சுற்றி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பறவைக்குக் காவலை நாம் தாராளமாகக் கொடுக்கிறோம், சாப்பாட்டைத்தான் பறித்துவிட்டோம்.

காவல் தேடித்தான் பறவைகள் நம்மிடம் வருகின்றன என்பதற்குச் சான்று உண்டு. வடகிழக்குச் சீனாவில் டாரியன் ரெட்ஸ்டார்ட் என்ற சிறு பறவையின் கூட்டில் அந்தப் பகுதிக் குயில் திருட்டுத்தனமாக முட்டையிடும். குயில் மனிதர் புழங்கும் இடத்தை அண்டத் தயங்குவதால், குயில் நடமாடும் பருவத்தில் அந்தப் பறவை வீடுகளுக்குப் பக்கத்திலும் வீட்டுக்குள்ளும் கூடு கட்டுகிறது என்று 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. குயிலின் குரலை ஒலிபரப்பியபோதும் அப்படியே செய்தது. மனிதரைக் கேடயமாகப் பயன்படுத்தும் கணக்கு அது. நம் ஊர் மக்களும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குவதில்லை. சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு குருவி முட்டையிட்டபோது, குஞ்சு பறந்து போகும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், விளக்கே போடாமல் ஊரார் இருட்டில் நடந்தார்கள். இத்தனை பரிவுள்ள சமூகத்தில் கூடு தோற்றால், அதற்குக் காரணம் அன்புக் குறைவாக இருக்க முடியாது.

காரணம் குஞ்சின் இரைப்பையில் இருக்கிறது. தேன் குடிக்கும் தேன்சிட்டும், தானியம் கொத்தும் சிட்டுக்குருவியும், பழம் தின்னும் கொண்டைக்குருவியும் தம் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியும் சிலந்தியும்தான். இரண்டு மூன்று வாரத்தில் இறகு முளைத்து வெளியேற வேண்டிய உடம்புக்கு அந்தப் புரதம் இல்லாமல் முடியாது. சிட்டுக்குருவி குறைந்ததற்குச் செல்போன் கோபுரமே காரணம் என்று நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம். 2018-ல் வந்த ‘2.0’ திரைப்படம் அந்த நம்பிக்கையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020-ம் ஆண்டு அறிக்கை வேறு கதை சொல்கிறது: நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவி நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. கோபுரம் இல்லாத சிற்றூர் இன்று ஏது? இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குருவிக் கூடுகளைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு, கோடையில் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் சாவதையும், பூச்சிக்குப் பதில் தாவர உணவு ஊட்டப்பட்ட குஞ்சுகள் எடை குறைந்திருந்ததையும் கண்டது. பெற்றோர் பறவை எதையாவது கொடுத்துத்தான் பார்க்கிறது. அது போதவில்லை.

பூச்சி எங்கே போனது என்பதற்கு வாஷிங்டன் புறநகர் வீடுகளில் நடந்து, 2018-ல் வெளியான ஆய்வு பதில் தருகிறது. கரோலைனா சிக்கடீ என்ற குருவி இணை ஒரு ஈடு குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவர வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள செடிகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் உள்ளூர்த் தாவரமாக இருந்த இடத்தில்தான் அந்த இனம் தன் எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது. இலை தின்னும் புழுக்களில் பெரும்பாலானவை தமக்குப் பழகிய சில செடிகளின் இலையை மட்டுமே செரிக்கும் என்பதே இதன் அடிப்படை. நம் வீடுகளில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் அழகி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களை வளர்க்கின்றன. வேலியோரத்து எருக்கு வெந்தய வரியனை வளர்க்கிறது. அந்த இடத்தில் இப்போது கோனோகார்பஸ் வரிசையும் மெக்சிகன் புல்லும் வந்துவிட்டன. மீதி இடம் முழுக்கச் சிமென்ட் கல். ‘இதில் பூச்சியே வராது’ என்று நர்சரியில் சொன்னால், அதையே அந்தச் செடியின் சிறப்பாகக் கருதி வாங்கி வருகிறோம். தேன்சிட்டுக்கு அது வெறும் சுவர்.

பூச்சி வேண்டும் என்றால் கொசு வராதா, பாம்பு வராதா என்று கேட்பவர்களின் பயத்தைத் தள்ளிவிட முடியாது; டெங்குவால் குழந்தைகளை இழந்த ஊர் இது. ஆனால் கொசு இலையில் வளர்வதில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ், மூடாத டிரம்மிலும் பூத்தொட்டித் தட்டிலும் தேங்கிய நல்ல தண்ணீரில் பிறக்கிறது. அது முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரமாவது ஆகும் என்பதால், பறவைக்கு வைக்கும் தண்ணீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றினால் போதும். புகை மருந்து நீரில் கிடக்கும் புழுவைத் தொடாது. குஞ்சுக்கு இரையாக வேண்டிய மற்ற பூச்சிகளையும் சேர்த்துத்தான் கொல்லும். பாம்பைப் பொறுத்தவரை, எலியும் கட்டட இடிபாட்டுக் குவியலும் இருக்கும் இடத்தையே அது நாடும். கூட்டைத் தேடிக் கொம்பேறி மூக்கன் செடியில் ஏறலாம், மறைக்கவில்லை; ஆனால் அதற்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. முருங்கையில் அப்பும் கம்பளிப்பூச்சி மேலே பட்டால் அரிக்கும் என்பதும் உண்மை. அதற்கு முழு மரத்தையும் வெட்டுவது அதீதம். பூச்சி மொய்த்த பகுதியை மட்டும் கவனித்து அகற்றலாம்.

புழுவுக்கெல்லாம் எதற்கு வழி தேட வேண்டும், மரப்பெட்டி மாட்டி அரிசி இறைத்தால் ஆகாதா? பொந்தும் ஓட்டு இடுக்கும் இல்லாத புது வீடுகளில் பெட்டி பயன்படும்தான். அரிசியின் விளைவு வேறு. தானியம் இறைக்கும் மொட்டை மாடியில் பெருகுவது மாடப்புறா. புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப் பையில் சுரக்கும் ஒருவகைப் பாலை ஊட்டுகிறது. ஆணும் பெண்ணும் இரண்டுமே அதைச் சுரக்கும். குஞ்சு வளர்க்க அதற்குப் பூச்சியே தேவையில்லை. பூச்சியற்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் புறா செழிப்பதும் சிட்டுக்குருவி தேய்வதும் ஏன் என்பது இதிலேயே விளங்கும். புறா எச்சத்தின் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதைக் காட்டி எல்லாக் கூட்டையும் கலைக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் கவலை ஏ.சி. இடுக்கில் கூட்டமாக அடையும் புறாவுக்குப் பொருந்தும். சில வாரம் இருந்துவிட்டுப் போகும் தேன்சிட்டின் கூட்டின்மேல் அதைச் சுமத்துவது நியாயமில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அது பாதுகாக்கும் காட்டுப்பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு ஒன்று பாக்கி: அரை கிரவுண்டில் வீடு கட்டியவரால் என்ன முடியும்? தனியாக அதிகம் முடியாதுதான். ஒரு பறவை இணை இரை தேடும் வட்டம் பல வீடுகளைத் தாண்டிப் போகிறது. ஆனால் பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென 10 விழுக்காடு நிலம் ஒதுக்கப்படுகிறது. பல இடங்களில் அங்கே இருப்பது நடைபாதையும் புல்தரையும் உடற்பயிற்சிக் கம்பியும். அதன் சுற்றுச்சுவரோரம் பூவரசு, புங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை நட்டு, மருந்தடிக்காமல், கிளை வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டச் சொன்னால், சுற்றியுள்ள அத்தனை வீட்டுக் கூடுகளுக்கும் இரை எட்டும் தூரத்தில் இருக்கும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். குடியிருப்போர் நலச்சங்கம் ஒரு தீர்மானம் போட்டு உள்ளாட்சி அமைப்புக்கு அனுப்பலாம். மழைக்கு முன், ஆவணியிலேயே அனுப்பினால் ஐப்பசியில் கன்று நடலாம்.