இங்கிலீஷ்ல நீங்க எந்த லெவல்? காலேஜ் சேரும் முன் மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

இன்ஜினீயரிங் முதல் வாரம். இயற்பியல் பேராசிரியர் 'கன்சர்வேஷன் ஆஃப் மொமெண்டம்' என்று சொல்லிவிட்டு, போர்டில் எதுவும் எழுதாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் மாணவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தப் பாடம் அவருக்கு நன்றாகவே தெரியும். ப்ளஸ் ஒன்னில் 'உந்த மாறா விதி' என்று படித்து, கணக்கும் போட்டு, முழு மார்க் வாங்கியவர்தான்.

தமிழ் வழியில் படித்துவிட்டு காலேஜ் போகும் பலருக்கு இது பழக்கமான காட்சி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% இடஒதுக்கீடு, 2021-ல் இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. சீட்டும் கிடைத்து, ஃபீஸ் கவலையும் தீர்ந்த பிறகு மிச்சம் இருப்பது மொழிதான்.

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் எது வரும், எது வராது, எவ்வளவு வரும்? அதைத்தான் 'லெவல்' சொல்கிறது.

லெவல்னா என்ன?

மொழித்திறனை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுவது 'சி.இ.எஃப்.ஆர்' என்ற அளவுகோல். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்டது. இதில் ஆறு படிகள். ஒவ்வொரு படியும் "இந்த மாணவரால் என்ன செய்ய முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது.

ஏ1: பெயர், ஊர், படிப்பு சொல்ல முடியும். எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசினால் புரியும்.

ஏ2: கடை, பஸ், குடும்பம் என்று அன்றாட விஷயங்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சமாளிக்கலாம்.

பி1: தெரிந்த விஷயம் பற்றிக் கோர்வையாகப் பேசலாம். கருத்தையும் காரணத்தையும் சுருக்கமாகச் சொல்லலாம்.

பி2: சிக்கலான கட்டுரையின் மையக் கருத்து புரியும். தன் துறை சார்ந்த தொழில்நுட்பப் பேச்சையும் பின்தொடர முடியும்.

சி1, சி2: உயர்கல்வி, வேலை என எல்லா இடத்திலும் தடையில்லாமல் பயன்படுத்தலாம்.

ஆங்கிலத்தில் நடக்கும் ஒரு மணி நேர லெக்சரை உட்கார்ந்து கேட்டு, நோட்ஸ் எடுத்து, பாடப்புத்தகத்தையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஏறக்குறைய பி2 தேவை. பிரிட்டனில் டிகிரி படிக்கப் போகும் மாணவர் விசாவுக்குக் கேட்பதும் இதே பி2 தான். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் தோராயமாக 5.5 முதல் 6.5 வரை எடுப்பவர்கள் இந்தப் படியில் வருவார்கள்.

ஒருத்தருக்கு ஒரே லெவல்தானா?

இல்லை. கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என்று நான்கு திறன்கள் இருக்கின்றன. நாலும் ஒரே படியில் இருப்பது அபூர்வம்.

நம்ம ஊர் பொதுத்தேர்வில் ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு. அதனால் தமிழ் வழி மாணவர் ஒருவர் படிப்பதில் பி1, கேட்பதில் ஏ2, பேசுவதில் ஏ1 என்று இருக்கலாம். வாய் திறக்காததை மட்டும் வைத்து "இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று முடிவு கட்டினால், அந்த பி1 யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

சரளமா பேசுறவங்களும் ஏன் தடுமாறுறாங்க?

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர், நண்பர்களுடன் சரளமாகப் பேசுவார். லேப் ரிப்போர்ட் எழுதச் சொன்னால் திணறுவார்.

கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினார். பேச்சுக்கான மொழி ஒன்று; பாடம் படிப்பதற்கான மொழி இன்னொன்று. வேறு நாடுகளிலிருந்து குடியேறிய பள்ளிக் குழந்தைகளை வைத்து அவர் சொன்ன கணக்கு இது: பேச்சு மொழி சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடமொழியில் வகுப்பின் மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

பேசும்போது முகபாவம் உதவும், கை சைகை உதவும், புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். பாடப்புத்தகத்தில் அந்த வசதி கிடையாது. அதனால் சரளமாகப் பேசும் மாணவருக்கும் பாடமொழியில் உதவி தேவைப்படலாம்.

பிரிட்ஜ் கோர்ஸ் போதுமா?

முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2017-ல் சொன்னது. அதில் ஆங்கிலம் போன்ற அடிப்படைத் திறன் பயிற்சியும் ஒரு பகுதி. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பயிற்சி இருக்கிறது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம்பத்திலிருந்து படிப்பவர் ஏ2-வுக்கு வர சுமார் 180 முதல் 200 மணி நேரம் வழிகாட்டலுடன் படிக்க வேண்டும், பி1-க்கு 350 முதல் 400, பி2-வுக்கு 500 முதல் 600 என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. அதாவது ஒரு படி ஏறவே ஏறக்குறைய 200 மணி நேரம்.

மூன்று வாரம், வாரத்துக்கு 6 நாள், தினம் 2 மணி நேரம் இங்கிலீஷ் என்றால் மொத்தம் 36 மணி நேரம். இதில் ஏ2 மாணவர் பி2 ஆகிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவில்லை என்றால் அது மாணவரின் குறையும் இல்லை.

அப்போ 36 மணி நேரத்தில் என்னதான் செய்யலாம்? பாடச் சொற்களைக் கைமாற்றலாம். வகையிடல் என்றால் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் என்றால் இன்டக்ரேஷன், அணிகள் என்றால் மேட்ரிசஸ், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன். கருத்து ஏற்கெனவே தலையில் இருக்கிறது, பெயர் மட்டும்தான் புதுசு. இலக்கணத்தை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைவிட இது உடனே கைகொடுக்கும்.

லெவல் பார்த்துப் பிரிப்பது சரியா?

பயிற்சிக்காகப் பிரிப்பது சரி. ஏ1 மாணவரையும் பி2 மாணவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருவருக்குப் புரியாது, இன்னொருவருக்கு போரடிக்கும். ஆனால் அந்த முத்திரையே தடையாகிவிடக் கூடாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இது பெரிய பிரச்னையானது. அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளில் நுழைவின்போது ஒரு தேர்வு வைத்து, மார்க் குறைந்தவர்களை அடிப்படை ஆங்கில வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று வரிசை நீண்டதில், பலர் டிகிரிக்கான பாடத்துக்கு வராமலேயே படிப்பை விட்டார்கள். 2017-ல் 'ஏபி 705' என்ற சட்டம் வந்தது. பள்ளி மதிப்பெண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் மூன்று ஆண்டுக்குள் டிகிரி நிலை ஆங்கிலப் பாடத்தை முடிக்க வழி செய்ய வேண்டும் என்று அது சொன்னது.

மாணவர்கள் இப்போ என்ன செய்யலாம்?

* இலவச ஆன்லைன் தேர்வு ஒன்றில் உங்கள் படியைப் பாருங்கள். மொத்த மார்க்கை விட, நான்கு திறனில் எது கீழே இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம்.

* ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தையும் அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம்.

* நாளைய லெக்சரின் தலைப்பை இன்றே ஐந்து பக்கம் படித்துவிட்டுப் போங்கள். தெரிந்த விஷயம் காதில் விழும்போது சீக்கிரம் புரியும்.

* புரியாததைத் தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த வசதி இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தால், "இவனுக்குப் படிப்பு வரலை" என்று சொல்லும் முன், கேள்வி புரிந்ததா என்று ஒருமுறை பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தும் கேள்வி புரியாமல் போயிருக்கலாம்.