சிறுநீரகம் மாற்றியவருக்குப் படர்தாமரை வந்தால்

இடுப்பில் படர்தாமரை வந்தால் மெடிக்கலில் ஒரு ட்யூப் கேட்டு வாங்கித் தடவுவது நம் வீடுகளில் சாதாரணம். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். பெரும்பாலும் அது களிம்பில் கலந்திருக்கும் ஸ்டீராய்டின் வேலை. படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை உயிரோடுதான் இருக்கும். தடவுவதை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகப் படரும்.

நல்ல உடம்புக்கே இந்தப் பாடு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரோ, உடம்பு அதை நிராகரித்துவிடாதிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறார். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதே அவற்றின் வேலை. மேல்தோலோடு நிற்க வேண்டிய பூஞ்சை அவருக்கு மயிர்க்கால் வழியாக உள்ளே இறங்கி, விரலில் தட்டுப்படும் கட்டிகளாகத் திரளலாம். அந்த ஆழத்துக்குக் களிம்பு எட்டாது. மாத்திரைதான் வேண்டும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. படர்தாமரைக்குப் பரவலாக எழுதித் தரப்படும் இட்ராகோனசோல், டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும். டாக்ரோலிமஸின் அளவைக் குறைக்காவிட்டால் அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். கை நடுங்கும். பாடுபட்டுப் பொருத்திய சிறுநீரகமே கெடலாம். இட்ராகோனசோலை நிறுத்தும்போது நேர்மாறான ஆபத்து: டாக்ரோலிமஸ் சரிந்து, உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கலாம். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோல் போடுபவருக்கு இட்ராகோனசோல் காப்ஸ்யூல் சரியாக உடம்பில் சேராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

படர்தாமரைக்கான இன்னொரு மாத்திரையான டெர்பினாஃபினுக்கும் டாக்ரோலிமஸுக்கும் இவ்வளவு மோதல் கிடையாது. ஆனால் 2020இல் பெயரிடப்பட்ட, இந்தியாவில் பரவலாகக் காணப்படும் டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்ற பூஞ்சை பல நேரம் டெர்பினாஃபினுக்கு மசிவதில்லை.

மாத்திரையில் இவ்வளவு சிக்கல் இருப்பதால்தான், வந்திருப்பது பூஞ்சைதானா என்று மருந்துக்கு முன் சோதிக்க வலியுறுத்துகிறேன். செலவும் சொற்பம். தேமலோ படர்தாமரையோ, அதன் விளிம்பை மழுங்கிய பிளேடால் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும்.

இதேபோல் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், கீமோதெரபி எடுப்பவருக்குக் காய்ச்சலோடு வலிக்கும் சிவந்த முண்டுகள் வந்தால் கதையே வேறு. பூஞ்சை ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக அது இருக்கலாம். தோல் துணுக்கெடுத்துச் சோதிக்க வேண்டும், ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், நரம்பு வழி மருந்து ஏற்ற வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். போகும்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் தடவிய ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.