அஷ்ரஃப் முகாம்: தடையும் காவலும்

பயங்கரவாத அமைப்பு என்று தடை போட்டவர்களே அந்த ஆட்களுக்குக் காவலும் நின்றார்கள். இதென்ன கூத்து என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

ஈரான் அரசை எதிர்த்த முஜாஹிதீன்-இ-கல்க் அமைப்பினர், 1986 முதல் ஈராக்கில் சதாம் உசேன் ஆதரவில் இருந்தார்கள். 1997இல் அமெரிக்கா அந்த அமைப்பைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2003 போரில் ஆயுதங்களை வாங்கிக்கொண்டது. 2004இல், அஷ்ரஃப் முகாமில் இருந்தவர்கள் நான்காவது ஜெனீவா உடன்படிக்கைப்படி ‘பாதுகாக்கப்பட்டவர்கள்’ என்றது. அமைப்பு வேறு, ஆள் வேறு, சூட்சுமம் அவ்வளவுதான்.

2009இல் காவல் ஈராக் அரசின் கைக்கு மாறியது. 2013 செப்டம்பர் தாக்குதலில் முகாமில் 52 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தடை நீங்கியிருந்தது. உயிருக்கு அது கவசமாகவில்லை. 2016இல் கடைசிக் குழு அல்பேனியா போய்ச் சேர்ந்தது.

ஆயுதத்தை வாங்கிக்கொண்டவர், போக்கிடம் கிடைக்கும்வரை பொறுப்பைக் கைமாற்றிவிடக் கூடாது என்பதே என் எண்ணம்.